தீவைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்: முதன்முறை ஸ்கூபா விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஜொகூரின் ரெங்கம் ஸ்டேஷன் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தேன். என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் ஆசை பிடித்திருந்தது. அக்கா மகனுக்குச் சபாவின் சிப்பாடான் தீவு வேண்டும். இன்னொருவன் தீபாவளி லீவோடு நான்கு நாள் சேர்த்துப் போட்டு பெர்ஹெந்தியான் போகலாம் என்றான். மூன்றாமவனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, அவன் மாலத்தீவிலேயே நின்றான். "நீங்க சொல்லுங்க மாமா, எது நல்லது?" என்றான் அக்கா மகன்.

நான் திருப்பிக் கேட்டேன்: "கடைசியா எப்ப நீந்தினீங்க?" மூன்று பேரும் ரொட்டி சானாயைப் பிய்ப்பதில் மும்முரமானார்கள்.

செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கடலுக்கும் எனக்கும் முப்பத்து நான்கு வயது வரை எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கப்புறம் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை போய் வருகிறேன். செய்யக்கூடாத தப்பெல்லாம் செய்து கற்றுக்கொண்டது இதுதான்: தீவைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. மாதம், உடம்பு, அனுபவம், போய்ச்சேரும் வழி என்று வரிசையாகப் பார்த்து வந்தால் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு தீவுகள்தான். கைப்பேசியில் படம் பார்த்துத் தீவை முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப வளைக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் பணமும் லீவும் வீணாகின்றன.

முதலில் நாள்காட்டி

மலேசியத் தீபகற்பத்தின் நல்ல டைவிங் தீவுகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும். பிப்ரவரி வரை, சில ஆண்டுகளில் மார்ச் தொடக்கம் வரைகூட, தென்சீனக் கடல் கொந்தளிக்கும். படகுகள் சரியாக ஓடாது. தீவு விடுதிகள் பல கதவை அடைத்துவிட்டு ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடும். டைவிங் நடப்பது மார்ச் முதல் அக்டோபர் வரைதான். அதிலும் கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும் மாதங்கள் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை என்று சொல்வேன்.

இதில் நம் ஆட்களுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. தீபாவளி அக்டோபர் பிற்பாதியிலோ நவம்பரிலோ வரும். பொங்கல் ஜனவரியில். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. நாம் வழக்கமாக லீவு போடும் நாட்கள் எல்லாம் கடல் மூடியிருக்கும் மாதங்களில் போய் உட்கார்ந்திருக்கின்றன. பெர்ஹெந்தியானும் கிழக்குக் கரைத் தீவுதான், அதற்கு ஆசைப்பட்ட தம்பியின் திட்டம் இங்கேயே முடிந்துவிட்டது.

நானும் இதில் விழுந்தவன்தான். ஒரு டிசம்பரில் ரெங்கத்தில் வெயில் பளிச்சென்று அடித்தது. காலண்டரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, மனைவியோடு கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்குக்குக் காடியைக் கிளப்பினேன். அங்கே படகுத்துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. கடல் தேநீர் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. மீன் வறுவலோடு சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்தோம். மனைவி வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே லீவு ஃபாரத்தை நிரப்பும்போதே மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். விசாக தினம், தொழிலாளர் தினம், மெர்டேக்கா, செப்டம்பர் 16 ஆகிய பொது விடுமுறைகளில் தீவுகள் நிரம்பி வழியும். விலையும் ஏறும். அந்த நாட்களைத் தவிர்த்து ஞாயிறு போய் வியாழன் திரும்புவது என் வழக்கம். இன்னொன்றும் கவனியுங்கள். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. ஆனால் பெர்ஹெந்தியான் இருக்கும் திரெங்கானுவில் அது வெள்ளி, சனி. அந்த மாநிலத் தீவுகளுக்கு உள்ளூர்க் கூட்டம் வியாழன் மாலையே படகேறிவிடும்.

நோன்பு மாதத்தில் தீவுக் கம்பங்களில் பகல் சாப்பாட்டுக்கடைகள் பல மூடியிருக்கும். டைவ் கடைகள் நடக்கும். விடுதியில் சாப்பாடு சேர்த்துப் பேசிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை, கூட்டமும் குறைவு.

தீபாவளி நேரத்தில்தான் லீவு கிடைக்கும், வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு: கிழக்கு மூடும்போது மேற்கு திறக்கும். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத்திலுள்ள சிமிலான் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை திறந்திருக்கும். நம் நாட்டிலேயே வேண்டுமென்றால் சபாவின் செம்பூர்ணா பக்கம் ஆண்டு முழுதும் இறங்குகிறார்கள். லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவு இருக்கிறது. அங்கே தண்ணீர் கிழக்குக் கரை அளவுக்குத் தெளிவாக இருக்காது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உடம்பு

என் வயதுக்காரர்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் அடி வாங்கிக்கொண்டே நீச்சல் பழகியவர்கள். தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கு ஆறும் இல்லை, குளமும் இல்லை. நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதை மறைத்துக்கொண்டு டைவிங் வகுப்பில் சேரவும் வேண்டாம்.

பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் முதல் நிலைப் பயிற்சிக்கு ஓப்பன் வாட்டர் என்று பெயர். பாடியின் ஓப்பன் வாட்டரில் தேற 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, எந்த பாணியிலும் நீந்தலாம். பிறகு பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்ப் பழகுங்கள். தீவில் போய்ப் பழகலாம் என்று நினைத்தால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் பயிற்சிக் கட்டணத்தில் பாதி, பயத்தைப் போக்கிக்கொள்வதிலேயே போய்விடும்.

பதிவு செய்யும்போது உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள். ஆஸ்துமா, இனிப்பு நீர், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, காது, சைனஸ், வலிப்பு, அறுவை சிகிச்சை என்று நீளும். சில கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்புதான் தண்ணீரில் இறங்கலாம். நம் குடும்பங்களில் இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. தீவில் அந்தக் கையெழுத்தைப் போட டாக்டர் கிடைப்பது கடினம். படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஊரிலுள்ள கிளினிக்கிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். "இல்லை" என்று பொய்யாக டிக் அடிக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்துமா இழுப்பு பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். கர்ப்பிணிகள் டைவ் செய்யக்கூடாது. புது மாப்பிள்ளையின் காதில் இதையும் போட்டு வைத்தேன்.

காது தனி விஷயம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. இறங்கும்போது மீட்டருக்கு ஒருமுறையாவது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் காற்றைச் சமன் செய்ய வேண்டும். வலி வரும் முன்பே செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் மூக்கிலிருந்து காதுக்குக் காற்று போகும் வழி அடைத்துக்கொள்ளும். என் இரண்டாவது பயணத்தில் லேசான ஜலதோஷத்தோடு, காசு கட்டியாயிற்றே என்று இறங்கினேன். ஐந்து மீட்டரில் காதில் ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறங்கினேன். மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் ரத்தம். பிறகு மூன்று வாரம் ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை. கட்டிய காசு போனால் போகட்டும், சளி இருந்தால் படகிலேயே உட்கார்ந்திருங்கள்.

கற்கவா, எட்டிப் பார்க்கவா?

இதை முடிவு செய்யாமல் தீவுப் பெயரைப் பேசிப் பயனில்லை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அறிமுக டைவ். அரை நாள் வேலை. கொஞ்சம் விளக்கம், ஆழமில்லாத இடத்தில் பயிற்சி, பிறகு பயிற்றுநர் கூடவே வர ஒரு முறை இறங்குவது. 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பிடிக்குமா, பயமா என்று தெரிந்துகொள்ள இது போதும். இரண்டாவது, ஓப்பன் வாட்டர் பயிற்சி. மூன்று நான்கு நாள் ஆகும், கடலில் நான்கு டைவ் செய்ய வேண்டும். முடித்தால் உலகம் முழுக்கச் செல்லும் அட்டை கிடைக்கும். அதை வைத்து ஒரு கூட்டாளியோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் முடித்தால் 30 மீட்டர். பிள்ளைகள் பத்து வயதிலிருந்து ஜூனியர் பயிற்சி எடுக்கலாம். பத்து, பதினொரு வயதுக்காரர்களுக்கு எல்லை 12 மீட்டர்.

லீவு குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பாடப் பகுதியை வீட்டிலேயே இணையத்தில் படித்து முடித்துவிடலாம். ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து நான் அப்படித்தான் படித்தேன். தீவில் ஒரு நாள் மிச்சமாகும்.

பாடம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சாரம் இரண்டு வரிதான்: மூச்சை ஒருபோதும் அடக்காதே, மேலே மெதுவாக வா. ஆழத்தில் நிரப்பிய மூச்சு மேலே வர வர விரியும். வாயை மூடிக்கொண்டு விருட்டென்று ஏறினால் நுரையீரல் கிழியும். நம் ஊர்க்காரர்கள் ஆற்றில் முங்கும்போது மூச்சைப் பிடித்தே பழகியவர்கள். ஸ்கூபாவில் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மறக்க வேண்டும். ஒவ்வொரு டைவின் முடிவிலும் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது நல்ல வழக்கம்.

இப்போது தீவுகள்

மாதமும் உடம்பும் பயிற்சியும் தெளிவானபின் ரெங்கத்தில் இருப்பவருக்கு முதல் தேர்வு தியோமான். நான் உள்ளூர்ப் பாசத்தில் சொல்லவில்லை. குளுவாங் போய், காஹாங், ஜெமாலுவாங் வழியாகச் செம்பனைக்கு நடுவே ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் மெர்சிங். அங்கிருந்து படகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். விமான டிக்கெட் வேண்டாம், ஹோட்டலில் ஓர் இரவு தங்கிக் காத்திருக்க வேண்டாம். மிச்சப்படும் காசுக்கு இரண்டு டைவ் கூடப் போடலாம்.

ஆனால் மெர்சிங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. படகுத்துறை ஆற்று முகத்தில் இருக்கிறது, அங்கே ஆழம் குறைவு. கடல் வற்றும் நேரத்தில் படகு வெளியே போக முடியாது. அதனால் படகு நேரம் தினமும் ஏற்ற வற்றத்தோடு மாறும். போன மாதம் கூட்டாளி சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள். உங்கள் தேதிக்குரிய நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, அதன்பிறகே வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். டிக்கெட் தவிர கடல் பூங்காக் கட்டணமும் உண்டு. மலேசியருக்கு அது குறைவு, மைகார்டைக் காட்ட வேண்டும்.

தியோமான் பாஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. தீவைச் சுற்றிக் கம்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. கம்பத்துக்குக் கம்பம் சாலை இல்லாத இடங்கள் உண்டு, படகில்தான் போக வேண்டும். ஆகவே எந்தக் கம்பத்தில் இறங்குகிறோம் என்பது முக்கியம். ஏர் பாத்தாங்கும் சாலாங்கும் டைவிங்குக்கு வருகிறவர்களின் இடங்கள். டைவ் கடைகள் நிறைய, தங்குமிடம் எளிமை. தெக்கேக் தீவின் தலைநகர் மாதிரி. கடைகள் அங்குதான், தீர்வையில்லாப் பொருட்களும் அங்குதான். கூட வரும் கூட்டாளிகள் அந்தத் தீர்வையில்லாப் புட்டிகளில் இறங்கிவிட்டால் மறுநாள் காலை அவர்களோடு டைவ் போகாதீர்கள். ஜுவாரா தீவின் மறுபக்கம், அமைதியான நீண்ட மணற்கரை.

புதியவர்களுக்கு ரெங்கிஸ் என்ற குட்டித் தீவைச் சுற்றி இறக்குவார்கள். ஆழம் குறைவு. ஆமைகளும் கருமுனைச் சுறாக் குட்டிகளும் தென்படும். சுறா என்றதும் நடுங்க வேண்டாம், அவை உங்களைக் கண்டு ஓடும். கொஞ்சம் அனுபவம் வந்தபின் செபே, லாபாஸ் பாறைகள், டைகர் ரீஃப் என்று போகலாம். அங்கே நீரோட்டம் வலுவாக இருக்கும்.

பெர்ஹெந்தியான் அழகில் தியோமானை மிஞ்சும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் கண்ணாடி. பயிற்சி எடுக்க இளைஞர்கள் அதிகம் போவதால் கட்டணப் போட்டியும் உண்டு. சர்க்கரை மூட்டைகளோடு 2000-ஆம் ஆண்டில் கவிழ்ந்த சரக்குக் கப்பல் ஒன்று ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் முடித்தவர் கப்பல் சிதைவு ஒன்றைப் பார்க்க இதைவிட எளிய இடம் இல்லை. உள்ளே மட்டும் நுழையாதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் ரெங்கத்திலிருந்து கோலா பெசுட் படகுத்துறைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். நான்கு நாள் லீவில் இரண்டு நாள் சாலைக்குப் போய்விடும். ஒரு வாரம் இருந்தால் போங்கள். ரொக்கம் எடுத்துப் போங்கள், அங்கே ஏ.டி.எம்மை நம்ப முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெடாங் நல்ல தீவு. பெரிய விடுதிகள், பேக்கேஜ் பயணங்கள் என்று செலவு கூடும், குடும்பத்தோடு போக ஏற்றது. மாராங்கிலிருந்து கால் மணி நேரப் படகில் காப்பாஸ், அறிமுக டைவுக்குப் போதும். டுங்குனிலிருந்து போகும் தெங்கோல் ஆழமும் நீரோட்டமும் உள்ள இடம், அதை மூன்றாவது நான்காவது பயணத்துக்கு வையுங்கள். மெர்சிங்கிலிருந்தே போகும் ஆவுர், டாயாங் தீவுகளுக்குச் சிங்கப்பூர் டைவர்கள் வார இறுதியில் வருவார்கள். படகுப் பயணம் நீண்டது, குமட்டல் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு பெயரைச் சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். தென்சீனக் கடலில் லாயாங்-லாயாங் என்றொரு பவளத்தீவு இருக்கிறது, சுத்தியல் தலைச் சுறாக்களுக்குப் பேர்போனது. ரெங்கத்துக்கு அடுத்த ஸ்டேஷனும் லாயாங்-லாயாங்தான். அந்தத் தீவுக்குப் போய் வந்த ஒருவர் தோட்டத்தில் பேச்சுக் கொடுத்தபோது, "ரயில்ல போனீங்களா, மோட்டார்லயா?" என்று கேட்டார்களாம்.

சிப்பாடானுக்கு வருவோம், அக்கா மகன் முகம் வாடக்கூடாது. கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் எழுந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடி நடந்து நீந்தினாலே தரை முடிந்து பாதாளச் சுவர் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கில் பாரகுடா மீன்கள் சுழல்வது, தலைக்கு மேல் ஆமைகள் போய்வருவது எல்லாம் உண்மைதான். 2002-இல் அனைத்துலக நீதிமன்றம் அதை மலேசியாவுக்கு உரியதென்று தீர்ப்பளித்தது. 2004-இல் தீவின் மீதிருந்த விடுதிகள் அகற்றப்பட்டன. இப்போது மாபுல் தீவிலோ செம்பூர்ணாவிலோ தங்கி, நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பிட்ட அனுமதிச் சீட்டோடு போய் வர வேண்டும். விடுதிகள் அந்தச் சீட்டைத் தங்கும் நாட்களோடு சேர்த்துத்தான் தரும். மூன்று நாள் தங்கினால் ஒரு நாள் கிடைக்கலாம். அட்வான்ஸ்ட் அட்டையும் கேட்பார்கள்.

புதியவர் அங்கே முதலில் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அட்டை மட்டும் இல்லை. சுவரோரம் மிதக்கும்போது காலுக்குக் கீழே தரை என்று ஒன்று இல்லை. மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவர், மீனைப் பார்த்து வாய் பிளந்தபடியே கீழே போய்க்கொண்டிருப்பார். பத்து இருபது டைவ் வேறெங்காவது முடித்துவிட்டுப் போனால், அவ்வளவு காசு கட்டியதற்கு மீனைப் பார்க்கலாம். இல்லையென்றால் கையிலுள்ள கருவியைப் பார்த்தே நேரம் போய்விடும்.

தீபகற்பத்திலிருந்து செல்லும் மலேசியருக்குச் சபா குடிநுழைவில் மைகார்டு போதும். கோலாலம்பூரிலிருந்து தாவாவ் ஏறக்குறைய மூன்று மணி நேர விமானம், பிறகு சாலையில் செம்பூர்ணா. 2000-ஆம் ஆண்டில் அங்கே ஆட்கடத்தல் நடந்தது. 2013 முதல் சபா கிழக்குக் கரைக்குத் தனிப் பாதுகாப்புப் படை இருக்கிறது, இரவில் கடலில் நடமாட்டக் கட்டுப்பாடும் உண்டு. விடுதியார் சொல்லும் நேரத்தை மீறாதீர்கள்.

மாலத்தீவு? அழகுதான். நீரோட்டங்களும் வலு, செலவும் வலு. முதல் பயணத்துக்கு அவசியமே இல்லை.

ஒன்று பாக்கி. கடல் சூடேறும் ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்துப்போகும். 2010-இல் அப்படி ஆனபோது தியோமானிலும் ரெடாங்கிலும் சில டைவ் இடங்களைக் கொஞ்ச காலம் மூடினார்கள். 2024-லும் உலகளவில் வெளுப்பு நடந்தது. பதிவு செய்யும் முன் இப்போது பாறைகள் எப்படி இருக்கின்றன, எந்த இடம் மூடியிருக்கிறது என்று டைவ் கடையிடம் கேளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறவர்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

யாரோடு இறங்குவது

தீவைவிட டைவ் கடை முக்கியம் என்று சொன்னால் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை ஒரு கடையில் ஆறு பேரை ஒரே வழிகாட்டி அழைத்துப்போனார். அவர் முன்னால் விறுவிறுவென்று நீந்திக்கொண்டே இருந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போன பெண்ணின் டேங்க் காற்று 40 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) வந்துவிட்டது. வழக்கமாக 200 பாரில் தொடங்கி, 50 பார் மிச்சத்தோடு மேலே இருக்க வேண்டும். நானும் அவளும் தனியாகவே மேலே வந்தோம். அவரைப் படகில் கேட்டால், "காற்று முடிஞ்சா சொல்லணும் லா" என்றார்.

அதனால் காசு கட்டும் முன் நான்கைந்து கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பயிற்சிக்கு எட்டுக்கு மேல் கூடாது என்பது விதி, நான்கு என்றால் நிம்மதி. அறிமுக டைவுக்கு இருவருக்கு ஒருவர் இருந்தால் நான் சரி என்பேன். படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா? ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை ஒவ்வொருவருக்கும் தனியாகத் தருவார்களா? எந்த மொழியில் பாடம்? மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னது பாதி புரிந்தாலும் தலையாட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீருக்குள் அது ஆகாது, புரியவில்லை என்றால் மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

டேங்கைத் திறந்து காற்றை முகர்ந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு வாசமே இருக்காது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் வேறு டேங்க் கேளுங்கள். ஆலை வாடையில் வாழ்கிறவர்கள் நாம், நமக்கு இது உடனே பிடிபடும்.

மூட்டை

தண்ணீர் 28, 29 பாகைச் சூட்டில் இருக்கும். உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் போதும், அது வாடகைக்குக் கிடைக்கும். கருவிகள் எதையும் முதல் பயணத்துக்கு வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் மாஸ்க் மட்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தபின்பும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குச் சரி.

நம் ஆண்களுக்கு மீசை ஒரு தொல்லை. மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசை மேல் உட்கார்ந்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவு மழித்துவிட்டால் போதும். மீசையை இழக்க மனமில்லாதவர்கள் வாசலின் தடவுகிறார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள், மாஸ்க் பட்டை வழுக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும், முன்கூட்டியே கேளுங்கள். தங்கச் சங்கிலியை வீட்டில் வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் வெட்சூட்டுக்குள் நன்றாகச் செருகி ஜிப்பை மேல்வரை இழுத்துவிட்டால் சரி. கையிலுள்ள கோயில் கயிறு ஒன்றும் செய்யாது.

சாப்பாடு: மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் என்பதையெல்லாம் விடுதியில் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். புரட்டாசியில் போகிறவர்கள் கவனம். காய்கறி மீகோரேங் என்று கேட்டாலும் பெலாச்சானும் நெத்திலியும் எட்டிப்பார்க்கும். ஒரு பாட்டில் ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் என் பையில் எப்போதும் உண்டு. படகில் குமட்டல் வரும் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தூக்கம் வராத வகையை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

கடலுக்குள் எதையும் தொடாதீர்கள். கடல் பூங்காவில் மீன் பிடிப்பதும் பவளத்தை உடைப்பதும் குற்றம். ஒரு மீனை மட்டும் அடையாளம் தெரிந்து வையுங்கள்: டைட்டன் டிரிகர். தடித்த உதடு, பெரிய பல், முழங்கை நீளம். முட்டையிட்ட காலத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து புனல்போல் மேல்நோக்கி விரிவதால் மேலே தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். சுறாவைக் கண்டு ஓடாத நான் இந்த மீனைக் கண்டு ஓடியிருக்கிறேன்.

சாதாரணப் பயணக் காப்பீடு டைவிங்குக்குச் செல்லாமல் போகலாம். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அழுத்த மாற்றத்தால் வரும் நோய்க்கு அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். அத்தகைய அறை மேற்குக் கரையிலுள்ள லூமுட் படைத்தள மருத்துவமனை போன்ற சில இடங்களில்தான் உண்டு. தியோமானிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

திரும்பும் நாள்

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் விடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18 மணி நேரம் என்பது கணக்கு. 24 என்று வைத்துக்கொண்டால் கணக்கே போட வேண்டாம். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழியாகிவிடும். சபா போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும்.

நாங்கள் சாலையில்தானே திரும்புகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெர்ஹெந்தியானிலிருந்து வரும் வழியில் அப்படியே கெந்திங் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று என் கூட்டாளி ஒருவன் திட்டம் போட்டான். கெந்திங் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். விமானத்துக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். தியோமானிலிருந்து ரெங்கத்துக்கு வரும் சாலையில் அப்படி மலை ஏதும் இல்லை, தாராளமாக ஓட்டி வரலாம். ஆனால் வந்த மறுநாள் காலை வழக்கம்போல் குளுவாங்கின் லம்பாக் மலை ஏறப் போகாதீர்கள். அது 510 மீட்டர்தான், உயரம் பெரிதில்லை. டைவ் முடித்த உடம்போடு மூச்சிரைக்க ஏறுவதுதான் கூடாது. அன்று லீவில் மிச்சமிருக்கும் நாளாக இருந்தால் வெட்டியாகப் படுத்துக்கிடங்கள்.

அக்கா மகன் ஜூனில் ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்னும் தீவின் பெயரை என்னிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் வேலை முடிந்து குளுவாங்கில் நீச்சல் பழகப் போகிறான். போன வாரம் அறுபது மீட்டர் வந்துவிட்டதாம்.